காப்பாற்றியவர்களிடமிருந்து யார் காப்பாற்றுவது?

அமெரிக்காவில் ஒரு கால்பந்து அணியை வாங்க உங்களுக்குக் கால்பந்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. வரைபடம் பார்க்கத் தெரிந்தால் போதும். எந்த ஊரில் பணக்காரர்கள் பெருகுகிறார்கள், எந்த ஊருக்கு இன்னும் சொந்த அணி இல்லை என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் வேறோர் ஊரின் அணியை வாங்கிவிட வேண்டும்.

கலிஃபோர்னியாக்காரரான முதலீட்டாளர் ஆண்டனி பிரீகோர்ட் 2013-இல் கொலம்பஸ் க்ரூ அணியை வாங்கியது இப்படித்தான். விலை 6.8 கோடி டாலர் என்று செய்தி வந்தது. ஒஹையோ மாநிலத் தலைநகரான கொலம்பஸை விட்டுப் பத்தாண்டுகளுக்கு அணி நகராது என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்தார். தங்கமான மனிதர். ஒப்பந்தத்தின் உள்ளே சின்னதாக ஒரு விலக்கு மட்டும் இருந்தது: டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினுக்கு வேண்டுமானால் போகலாம். இந்த விலக்கு ஊராருக்குத் தெரியவர நான்கு ஆண்டுகள் ஆயின. அதுவரை அதே ஊராரிடம் விசுவாசத்தைப் பற்றி விளம்பரம் போட்டு சீசன் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஊருக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள், பாவம். வேலை நெருக்கடி.

அந்த ஊர் ஏதோ வழிப்போக்கில் கால்பந்து பார்த்த ஊர் அல்ல. மேஜர் லீக் சாக்கர் 1996-இல் தொடங்கியபோது களமிறங்கிய பத்து அணிகளில் க்ரூவும் ஒன்று. அணியின் பழைய சின்னத்தில் தலைக்கவசம் போட்ட மூன்று கட்டுமானத் தொழிலாளிகள் நின்றார்கள். புது உரிமையாளர் வந்த மறு ஆண்டே அவர்களைச் சின்னத்திலிருந்து எடுத்துவிட்டு வட்டமாக ஒரு நவீன முத்திரையைப் பதித்தார். ஆள்குறைப்பு அங்கிருந்தே ஆரம்பம்.

அரங்கத்தின் கதை இன்னும் சுவையானது. 1997-இல், அரங்கம் கட்ட விற்பனை வரியைக் கூட்டலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. முடியாது என்றார்கள் மக்கள். அன்றைய உரிமையாளர் லாமர் ஹன்ட் என்ன செய்தார்? ஊரை விட்டு ஓடவில்லை. ஏறத்தாழ 2.85 கோடி டாலரைத் தன் பையிலிருந்து எடுத்து, மாநில அரசின் பொருட்காட்சித் திடலில் குத்தகைக்கு இடம் பிடித்து, 1999-இல் கட்டி முடித்தார். அந்த லீக்கில் கால்பந்துக்கென்றே கட்டப்பட்ட முதல் பெரிய அரங்கம் அது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் அமெரிக்கா மெக்சிகோவை 2001, 2005, 2009, 2013 என நான்கு முறை 2-0 என்றே வென்றதும் அங்குதான். ஆக, மக்கள் 'முடியாது' என்றால் பணக்காரர் தன் பணத்தில் கட்டிக்கொள்வார் என்ற ஆபத்தான உண்மை அன்றைக்கே வெளியே வந்துவிட்டது. அது இன்னொரு முறை வெளியே வராமல் பார்த்துக்கொள்வதுதான் அதற்குப் பிறகு இந்தத் தொழிலின் முழுநேர வேலை.

2017 அக்டோபர் நடுவில் குண்டு விழுந்தது. நகர மையத்தில் புது அரங்கம் அமையாவிட்டால் 2019 முதல் ஆஸ்டினில் ஆடுவோம் என்றார் பிரீகோர்ட். கொலம்பஸிலும் பேசுவோம், ஆஸ்டினிலும் பேசுவோம், இரண்டும் இணையான பாதைகளாம். லீக்கின் ஆணையர் டான் கார்பர் உடனே பின்பாட்டுப் பாடினார்: வணிக அளவுகோல் எதை எடுத்தாலும் க்ரூ அடிமட்டத்தில் கிடக்கிறதாம், அரங்கமும் பழையதாகிவிட்டதாம். இரண்டு வருடம் முன்பு, 2015-இல், லீக்கின் இறுதிப் போட்டி நடந்தது அதே பழைய அரங்கத்தில்தான். அப்போது யார் கண்ணுக்கும் பழசாகத் தெரியவில்லை. இந்த அறிவிப்பு வந்த வேளையில் ஆட்டக்காரர்கள் நாக் அவுட் சுற்றுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். உரிமையாளர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது அவர்கள் அட்லாண்டாவைப் பெனால்டியில் வென்று, நியூயார்க் சிட்டியைச் சொந்த ஊரில் 4-1 என்று நொறுக்கி, கிழக்குப் பிரிவின் இறுதிவரை போனார்கள். வணிக அளவுகோலில் கோலுக்கு மதிப்பெண் கிடையாது.

இந்த லீக்கின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் இந்த நாடகத்தின் முழுச் சுவையும் நாக்கில் ஏறும். ஐரோப்பாவில் தோற்ற அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். சின்ன ஊர் அணி ஆடி ஆடியே மேலே ஏறும். அமெரிக்காவில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. எந்த ஊருக்கு அணி உண்டு, எந்த ஊருக்கு இல்லை என்பதை லீக் தீர்மானிக்கிறது. சட்டப்படி அணிகள் லீக்குக்கே சொந்தம். 'உரிமையாளர்' என்று நாம் சொல்பவர் லீக்கில் பங்கு வைத்துக்கொண்டு ஓர் ஊரில் அணியை இயக்கும் முதலீட்டாளர். ஆகவே அணி கேட்கும் ஊர்களின் வரிசை எப்போதும் நீளமாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். வரிசை நீண்டால்தான் உள்ளே இருக்கும் ஊரை மிரட்ட முடியும். ஊர்க் கோயிலின் தர்மகர்த்தா ஒருநாள் உற்சவரைத் தூக்கி வண்டியில் வைத்து, "அடுத்த ஊரில் உண்டியல் நன்றாக நிறைகிறதாம், இங்கே புது மண்டபம் கட்டித் தருகிறீர்களா, கிளம்பட்டுமா?" என்று கேட்டால் நாம் என்ன செய்வோம்? அமெரிக்காவில் அவருக்கு நகராட்சி மன்றத்தில் நாற்காலி போட்டு, விளக்கப்படம் காட்டச் சொல்லி, காபி கொடுக்கிறார்கள்.

இது பிரீகோர்ட்டின் கண்டுபிடிப்பும் அல்ல. அவர் நல்ல மாணவர், அவ்வளவுதான். 1984 மார்ச்சில் ஓர் இரவில், அமெரிக்கப் பாணிக் கால்பந்து ஆடும் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் சாமான்களையெல்லாம் லாரிகளில் ஏற்றி இண்டியானாபொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். அணியைப் பறிகொடுத்த பால்டிமோர், அழுது முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னோர் ஊரின் அணிக்கு வலை விரித்தது. 1995 நவம்பரில் ஒஹையோவின் இன்னொரு நகரமான கிளீவ்லாந்தின் பிரவுன்ஸ் அணியை அங்கே கொண்டுபோகிறேன் என்று அறிவித்தார் அதன் உரிமையாளர் ஆர்ட் மோடெல். அறிவிப்பு வந்த மறுநாள், அரங்கத்தைப் புதுப்பிக்க மதுவுக்கும் சிகரெட்டுக்கும் போட்ட வரியை நீட்டிக்கலாம் என்று கிளீவ்லாந்து மக்கள் வாக்களித்தார்கள். அணி போய்விட்டது, வரி தங்கிவிட்டது. செயின்ட் லூயிஸ் நகரமும் அப்படித்தான்: ராம்ஸ் அணி 2016-இல் லாஸ் ஏஞ்சலஸ் போன பிறகும் அந்த அணிக்காகக் கட்டிய அரங்கின் கடனைக் கட்டிக்கொண்டிருந்தது. க்ரூ ஆடும் கால்பந்திலும் முன்னுதாரணம் உண்டு. சான் ஹோசே அணியை 2005 முடிவில் ஹூஸ்டனுக்குக் கொண்டுபோனார்கள். போன அணி அடுத்த இரண்டு ஆண்டும் கோப்பையை வென்றது. சான் ஹோசே ரசிகர்கள் வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள்.

ஆனால் கொலம்பஸ் ரசிகர்கள் வீட்டில் உட்காரவில்லை. செய்தி வந்து ஒரு வாரத்துக்குள் நகர மன்றக் கட்டடத்தின் முன் திரண்டார்கள். 'சேவ் த க்ரூ', அதாவது க்ரூவைக் காப்பாற்று, என்று இயக்கம் பிறந்தது. சம்பளம் வாங்காத வேலை அது: பகலில் அலுவலகம் போகிறவர்கள் இரவில் சுவரொட்டி வரைந்தார்கள், கணக்குப் போட்டார்கள், சட்டம் படித்தார்கள். வீட்டு வாசலில் பலகை நட்டார்கள், கடைக் கண்ணாடியில் ஒட்டினார்கள், மதுக்கூடங்களில் கொடி கட்டினார்கள். புது உரிமையாளர் வந்தால் சீசன் டிக்கெட் வாங்குவோம் என்று ஆயிரக்கணக்கில் உறுதிமொழி திரட்டினார்கள். இருக்கும் உரிமையாளரின் கல்லாவை நிரப்பி அவரையே பலப்படுத்துவதா, வராமல் இருந்து 'பாருங்கள், கூட்டமே இல்லை' என்று அவர் சொல்ல இடம் கொடுப்பதா என்ற குழப்பம் வேறு. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்கள் இந்த லீக் நிர்வாகத்திடம் பாடம் கேட்க வேண்டும்: அணி போகப்போகிறது என்று அறிவிப்பார்கள், அப்புறம் ஏன் இருக்கை காலியாக இருக்கிறது என்று கவலைப்படுவார்கள்.

ரசிகர்களின் கையில் ஆயுதமாக ஒரு பழைய சட்டம் கிடைத்தது. பிரவுன்ஸ் போன அவமானத்தில் ஒஹையோ 1996-இல் இயற்றியது. ஓடிப்போனவர் பெயரிலேயே மோடெல் சட்டம் என்று அதற்குப் பெயர். வரிப்பணத்தின் துணையோடு இயங்கும் அரங்கில் ஆடும் அணி வேறிடம் போக வேண்டுமானால் நகரத்தின் சம்மதம் வேண்டும்; இல்லையென்றால் ஆறு மாத முன்னறிவிப்புக் கொடுத்து, அணியை வாங்கிக்கொள்ள உள்ளூர்க்காரர்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். இருபது வருடமாகப் பெட்டிக்குள் கிடந்த அந்தச் சட்டத்தை 2018 மார்ச்சில் முதல்முறையாக நீதிமன்றத்துக்கு எடுத்துவந்தவர்கள் கொலம்பஸ் நகரமும் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் மைக் டிவைனும். அரங்கம் நிற்பது அரசு நிலத்தில், அதற்கு வரிச்சலுகை உண்டு என்பது வாதம். டிவைன் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் மறுபடி வருவார், கையில் பேனாவோடு.

ஆஸ்டினில் அதே வேளையில் வேறொரு கூத்து. ஆற்றோரப் பூங்காக்களில் அரங்கம் கட்டலாமா என்று முதலில் கேட்டுப் பார்த்தார்கள். அங்குள்ள மக்கள் விரட்டினார்கள். கடைசியில் நகருக்குச் சொந்தமான மெக்காலா பிளேஸ் என்ற 24 ஏக்கர் நிலம் அகப்பட்டது. 2018 ஆகஸ்ட் 15-இல் மன்றம் 7-4 என்று ஒப்புதல் தந்தது. அரங்கத்தை அணி தன் செலவில் கட்டும், நகரத்துக்கே சொந்தமாக எழுதிக்கொடுக்கும். கேட்கத் தாராளமாக இருக்கிறது அல்லவா? நகரத்தின் சொத்து என்பதால் சொத்துவரி கிடையாது. வாடகை முதல் ஐந்து ஆண்டு இல்லை. ஆறாம் ஆண்டிலிருந்து வருடத்துக்கு 5.5 லட்சம் டாலர். இருபது ஆண்டு முடியும்போது மொத்தம் 82.5 லட்சம் டாலர். வளரும் நகரத்தில் 24 ஏக்கருக்கு.

2018 அக்டோபரில் வானம் திறந்தது. பின்னாளில் அதே பெயரில் மறுபடி உருவான கிளீவ்லாந்து பிரவுன்ஸின் உரிமையாளர்களான ஜிம்மி, டீ ஹேஸ்லம் தம்பதியும், க்ரூவின் முன்னாள் மருத்துவர் பீட் எட்வர்ட்ஸின் குடும்பமும் அணியை வாங்கிக்கொள்ள முன்வந்தார்கள். 2019 பிறந்தபோது அணி அவர்கள் கைக்கு வந்தது. கொலம்பஸ் அழுதது, ஆடியது, குடித்தது. அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் ரசிகர்கள் இப்படி வென்றது அபூர்வம். அந்த வெற்றியில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

ஆனால் தோற்றது யார் என்று தேடிப் பாருங்கள், ஒருவரும் அகப்பட மாட்டார். பிரீகோர்ட் தோற்றாரா? ஆஸ்டினில் அவருக்குப் புத்தம்புது அணி கிடைத்தது. 2021-இல் ஆட ஆரம்பித்தது. அதே காலத்தில் லீக்குக்குள் வந்த சின்சினாட்டி நுழைவுக் கட்டணமாக 15 கோடி டாலர் எடுத்துவைக்க வேண்டியிருந்தது. இவரோ கொலம்பஸில் வைத்திருந்த பங்கை ஆஸ்டினுக்கு மாற்றிக்கொண்டார். லீக் தோற்றதா? ஓர் ஊருக்குப் பதில் இரண்டு ஊர், ஓர் அரங்கத்துக்குப் பதில் இரண்டு புது அரங்கங்கள். கொலம்பஸின் நடுநகரில் 2021 ஜூலையில் திறந்த அரங்கத்துக்கு ஏறத்தாழ 31.4 கோடி டாலர் செலவு. அணியைக் காப்பாற்றிய ஏற்பாட்டில் மக்கள் பணம் 10 கோடி டாலருக்கு மேல். அதாவது, 1997-இல் முடியாது என்ற அதே மக்கள், 2018-இல் பணயத் தொகை கட்டி அணியை மீட்டார்கள். கடத்தியவருக்குச் சிறை இல்லை, கண்டனம் இல்லை. இன்னோர் அணி கொடுத்துக் கௌரவித்தார்கள்.

மீட்பர்களும் சும்மா இருக்கவில்லை. க்ரூ 2020 டிசம்பரில் பழைய அரங்கிலேயே சியாட்டிலை 3-0 என்று வென்று கோப்பை தூக்கியது. ஐந்து மாதம் கழித்து, 2021 மே மாதம், புது நிர்வாகம் ஓர் ஆனந்தச் செய்தி சொன்னது: இனி அணியின் பெயர் 'கொலம்பஸ் எஸ்சி'. 'க்ரூ' வெறும் செல்லப்பெயர். எந்தப் பெயரைக் கொடியில் எழுதி மக்கள் ஒரு வருடம் தெருவில் நின்றார்களோ அந்தப் பெயரையே விளம்பர நிபுணர்கள் கத்தரித்துவிட்டார்கள். ரசிகர்கள் மறுபடி கிளம்பினார்கள். ஒரு வாரத்தில் நிர்வாகம் பின்வாங்கிப் பெயரைத் திருப்பிக் கொடுத்தது. காப்பாற்றப்பட்டதற்கு நன்றியாகத் தங்கள் பெயரைக்கூடக் கொடுக்க மறுத்த இந்த ரசிகர்களின் நன்றிகெட்டத்தனத்தை என்னவென்பது!

இதுவரை சிரித்தோம். இனிச் சிரிப்பு வராது.

ஹேஸ்லம் குடும்பத்துக்கு அடுத்து பிரவுன்ஸின் அரங்கம் பழசாகத் தெரிந்தது. கிளீவ்லாந்தின் ஏரிக்கரையை விட்டு, புறநகரான புரூக் பார்க்கில் 240 கோடி டாலரில் கூரை போட்ட அரங்கம் வேண்டுமாம். நகரம் மோடெல் சட்டத்தைக் காட்டியது. இந்தச் சட்டம் உயிரோடு இருந்ததால்தான் க்ரூ ஆஸ்டினுக்குப் போகாமல் ஹேஸ்லம்களின் கைக்கு வந்தது. அந்த ஹேஸ்லம்களின் பிரவுன்ஸ் அணி, 2024 அக்டோபரில், இந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்கே விரோதமானது என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஏறியவர்களே ஏணியை உதைத்தார்கள்.

நீதிபதிக்குச் சிரமம் வைக்கவில்லை சட்டமன்றம். 2025 ஜூனில் மாநில வரவுசெலவு மசோதாவுக்குள்ளேயே இரண்டு ஏற்பாடுகளைச் செருகினார்கள். ஒன்று: மோடெல் சட்டம் இனி மாநிலத்தை விட்டு வெளியேறும் அணிகளுக்கு மட்டும்தான்; ஒஹையோவுக்குள் எந்த ஊரை எந்த ஊருக்காகக் கைவிட்டாலும் கேள்வி இல்லை. இரண்டு: புரூக் பார்க் அரங்கத்துக்கு 60 கோடி டாலர். எங்கிருந்து? உரிமை கோரப்படாத பணத்திலிருந்து. மறந்துபோன வங்கிக் கணக்கு, மாற்றாத காசோலை, திரும்ப வாங்காத முன்பணம், செத்தவர்களின் காப்பீடு என்று மக்கள் பெயரில் அரசு காத்துவைத்திருந்த பணம். உரியவர் வந்து கேட்கும்வரை காக்க வேண்டிய அரசு, கேட்காமலே ஒரு கோடீஸ்வரருக்கு எடுத்துக் கொடுக்க முன்வந்தது. அந்த மசோதாவில் ஜூன் 30-ஆம் தேதி கையெழுத்திட்ட ஆளுநர் யார்? மைக் டிவைன். க்ரூவுக்காக மோடெல் சட்டத்தைக் கையில் ஏந்தி நீதிமன்றம் போன அதே டிவைன். அரங்குக்குப் பணம் சூதாட்ட வரியிலிருந்து வரட்டும் என்று தொடக்கத்தில் சொல்லிப் பார்த்தார். கடைசியில் பேனா எடுத்தார். அந்த ஆண்டு அக்டோபரில் கிளீவ்லாந்து நகரமும் வழக்குகளைக் கைவிட்டுச் சுமார் 10 கோடி டாலருக்குச் சமரசமானது. க்ரூ தங்கிவிட்டது, பிரவுன்ஸும் ஒஹையோவில்தான் இருக்கிறது. ஊர் மாறிப் போனது சட்டம் ஒன்றுதான்.

ரசிகர்களின் வெற்றி என்று கொண்டாடும் ஆவணப்படங்களும் மேடைப் பேச்சுகளும் நமக்குக் காட்டாமல் மறைப்பது இதைத்தான். உரிமையாளர்கள் ஒருவரோடொருவர் போட்டியிடுவதில்லை. பிரீகோர்ட்டும் ஹேஸ்லமும் எதிரிகள் அல்லர். ஒரே மேசையில் அமர்ந்து லாபம் பிரிக்கிறவர்கள். ஊர்கள்தான் ஒன்றையொன்று கடித்துக்கொள்கின்றன. கொலம்பஸுக்கு ஆஸ்டின் எதிரி, கிளீவ்லாந்துக்குப் பால்டிமோர் எதிரி, இப்போது கிளீவ்லாந்துக்கு அதன் சொந்தப் புறநகரே எதிரி. ரசிகரின் பாசம் எவ்வளவு ஆழமோ, அவ்வளவு பெரிய தொகையை அவரிடம் கேட்கலாம் என்பதே இந்தத் தொழிலின் ஒரே சூத்திரம். பாசமில்லாத ஊரை யாரும் மிரட்டுவதில்லை. அங்கே விற்க ஒன்றுமில்லை.

இதற்கு மருந்து யாருக்கும் தெரியாததல்ல. விஸ்கான்சினில் லட்சம் பேர் வாழும் கிரீன் பே என்ற சின்ன ஊரின் பேக்கர்ஸ் அணி 1923 முதல் ஊர்மக்களின் பங்குகளில் நடக்கிறது. நியூயார்க்கும் சிகாகோவும் ஆடும் அதே லீக்கில் ஆடுகிறது. அணியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று அந்த ஊரை மிரட்ட ஒரு தனி உரிமையாளர் இல்லை. ஜெர்மனியின் கால்பந்துக் கழகங்களில் வாக்குப் பெரும்பான்மை, சில விதிவிலக்குகள் தவிர, உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்று விதி. இப்படி ஒரு மருந்து இருப்பது தெரிந்ததும், பேக்கர்ஸ் ஆடும் அந்த அமெரிக்கப் பாணிக் கால்பந்து லீக் என்ன செய்தது தெரியுமா? பேக்கர்ஸ் போல இன்னோர் அணி உருவாகக் கூடாது என்று விதி எழுதியது. நோய்க்குத் தடுப்பூசி போடுவார்கள். இவர்கள் மருந்துக்கே தடுப்பூசி போட்டுவிட்டார்கள்.

ஆகவே ஒஹையோ மக்களே, டெக்சஸ் மக்களே, அடுத்த முறை ஒருவர் கட்டட மாதிரியோடு உங்கள் நகர மன்றத்துக்கு வந்து, வேலைவாய்ப்பு என்றும் வளர்ச்சி என்றும் பேசி வரிப்பணம் கேட்கும்போது உணர்ச்சிவசப்படாதீர்கள். பாட்டுப் பாடாதீர்கள், கண்ணைத் துடைக்காதீர்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: எங்கள் பணத்துக்கு அணியில் எத்தனை சதவீதம் எங்கள் பெயரில் எழுதுவீர்கள்? பூஜ்யம் என்பார். கேள்வியே அவமானம் என்பார். வேறு ஊர் இருக்கிறது என்பார். அப்போது 1997-இல் கொலம்பஸ் சொன்ன பதிலைச் சொல்லுங்கள்: முடியாது. அந்தப் பதில் வந்த இரண்டாவது வருடமே அரங்கம் எழுந்து நின்றது, பணக்காரர் காசில்.